அத்தை, பியானோ, 20 கொண்டை ஊசி வளைவு

எச்சரிக்கை: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காப்பியோ கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

பியானோன்னா எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல ஹீரோ கோட்டு போட்டுக்கிட்டு சோகப்பாட்டு பாடும்போது முன்னாடி இருக்குமே, அந்தப் பெரிய பொட்டிதான். அதை ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டு போறது ஒரு தனித்தொழில்னு போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

எங்க அத்தை, அதாவது அப்பாவோட அக்கா, ஏற்காட்டுல ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கலை. காப்பித் தோட்டத்தை ஒட்டின ஒரு சின்ன ஓட்டு வீட்டுலயே இருந்துட்டாங்க. துணைக்கு அந்தப் பியானோ. பக்கத்துல இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனப்போ அத்தைக்குக் கொடுத்துட்டுப் போனது. சின்ன வயசுல லீவுக்குப் போனா அதைத் தொடக்கூட விடமாட்டாங்க. "கை கழுவிட்டு வாடா"ம்பாங்க. கழுவிட்டு வந்தாலும் ஒரே ஒரு கட்டைதான்!

போன வருஷம் ஜனவரியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. 74 வயசு. இனிமே தனியா விடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நானும் தங்கமணியும் போய் தருமபுரிக்கு வந்துடுங்கன்னு கூப்பிட்டோம். ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரே கேள்வி.

"அது வருமாடா?"

"வரும் அத்தை. அதென்ன பெரிய விஷயம்?"

இந்த மாதிரி வாக்கு கொடுக்குறதுக்கு முன்னாடி ஒருதரம் தூக்கிப் பார்த்திருக்கணும் :-)

போன்ல ரெண்டு மூணு இடத்துல விசாரிச்சு, குறைச்ச விலை சொன்ன ஒரு ஆளைப் பிடிச்சேன். 6,500 ரூபாய். என்ன சாமான், எத்தனை படி, வாசல் அகலம் என்ன, ஒண்ணும் கேக்கலை. எனக்கும் சொல்லத் தோணலை. பெரிய மேஜை மாதிரி இருக்கும்னு மட்டும் சொன்னேன். குறிச்ச நாள்ல ஒரு குட்டியானை வந்துச்சு, மூணு பசங்க, ஒரு தாம்புக்கயிறு. நல்ல பசங்க. அவங்க மேல தப்பே இல்லை.

சுவரோட ஒட்டி நிக்கிற அந்த ரகப் பியானோ 200ல இருந்து 300 கிலோ வரைக்கும் இருக்கும். அதுவும் கனம் முழுக்க முதுகுப்பக்கம். உள்ள ஒரு வார்ப்பிரும்புச் சட்டம், அதுல 200க்கு மேல கம்பிகள். அத்தனை கம்பியும் சேர்ந்து இழுக்குற இழுவிசை மட்டும் 15, 20 டன். முன்னாடி பார்த்தா சாதுவா மரமும் 88 கட்டையும்தான் தெரியும். நாம முன்பக்கத்தைப் பிடிச்சுக் கொஞ்சம் தூக்கினோம்னா அது பின்னாடி மல்லாக்கச் சாயும்.

அன்னைக்கும் அப்படித்தான் ஆச்சு. திண்ணைப் படியில இறக்கும்போது சாய்ஞ்சுது. ஒரு பையன் காலை இழுத்துக்கிட்டது நூலிழையில. கீழ இருந்த பித்தளைச் சக்கரம் ஒண்ணு 'டக்'குன்னு உடைஞ்சு, சிவப்பு சிமெண்ட் தரையில ஒரு முழ நீளத்துக்குக் கீறல். உள்ள இருந்து எல்லாக் கம்பியும் சேர்ந்து ஒரு சத்தம். அதை எப்படி எழுதுறதுன்னு தெரியலை. இருட்டுல யாரோ முனகுற மாதிரி இருந்துச்சு.

"படுக்க வச்சு ஏத்திடலாங்ணா"ன்னான் ஒருத்தன்.

அத்தை வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. "வேண்டாம்ப்பா. உள்ள வச்சுடுங்க." அவ்வளவுதான். கோபமே இல்லை. பசங்களுக்கு டீ போடச் சொன்னாங்க, முழுக்கூலியும் கொடுக்கச் சொன்னாங்க. ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "நீ ஊருக்குப் போடா. அது இங்கயே இருக்கட்டும். நானும் இங்கயே இருந்துக்கறேன்"னாங்க.

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. வீம்புக்குச் சொல்லலை, முடிவா சொல்றாங்கன்னு புரிஞ்சதும் வயித்தைப் பிசைஞ்சுது.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன், நாலு பேரைக் கேட்டேன். பெங்களூருல பியானோ மட்டுமே ஏத்தி இறக்குற ஒரு குழு கிடைச்சுது. போன் எடுத்த மேஸ்திரி என்னைக் கேட்ட கேள்விகளைப் பாருங்க. உயரம் என்ன, அகலம் என்ன? வாசப்படி எத்தனை, ஒவ்வொண்ணும் எவ்வளவு உயரம்? திரும்புற இடம் இருக்கா? இறங்குற வீட்டுல எந்தச் சுவர் ஓரமா வைக்கப் போறீங்க? வெயில் படுமா? எல்லாத்துக்கும் போட்டோ அனுப்பச் சொன்னார். கடைசியாத்தான் விலை: 24,000.

தங்கமணி, "இந்தக் காசுல புதுசா ஒரு கீபோர்டே வாங்கிடலாமே"ன்னாங்க. "அதை அத்தைகிட்ட நீயே சொல்லேன்"ன்னேன். அதோட சரி.

இன்சூரன்ஸ் விஷயத்துலயும் ஒண்ணு கத்துக்கிட்டேன். 'ஜாக்கிரதையா கொண்டு போவோம்'னு வாய்ல சொல்றது வேற, பாலிசி வேற. 2007ஆம் வருஷத்து சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பொருளோட மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலைன்னா லாரிக்காரங்க தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அதனால மதிப்பை எழுதிக் கொடுத்து, டிரான்சிட் இன்சூரன்ஸ் தனியாப் போட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன்.

பிப்ரவரி கடைசியில வந்தாங்க. மேஸ்திரியோட அஞ்சு பேர். முதல் அரைமணி நேரம் யாரும் பியானோவைத் தொடவே இல்லை. படியில சாய்வா பலகை போட்டாங்க. கட்டைகளை மூடி, மூடி திறக்காம பட்டையால கட்டினாங்க. பாலீஷ் மேல டேப் ஒட்டலை. முதல்ல கம்பளி, அதுக்கு மேலதான் பிளாஸ்டிக் சுத்தினாங்க. அப்புறம் தூக்கி, நாலு ரப்பர் சக்கரம் வச்ச பலகை மேல நிக்க வச்சாங்க. அதோட சொந்தச் சக்கரத்துல உருட்டவே இல்லை. அதெல்லாம் அழகுக்குத்தான், பாரம் தாங்காதுன்னார் மேஸ்திரி. அவர் கடைசி வரைக்கும் தூக்கவே இல்லை. பலகை ஓரமா குனிஞ்சு நின்னுக்கிட்டு, "நில்லு... நில்லு... ஒரு விரக்கடை... நில்லு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்.

எனக்கு எங்க குமாரசாமிப்பேட்டை தேர் ஞாபகம் வந்துடுச்சு. தைப்பூசத்துக்குப் பொம்பளைங்க வடம் பிடிச்சு இழுக்குற தேர். கூட்டம் முழுக்க மேல சாமியைப் பார்க்கும். முட்டுக்கட்டை போடுறவர் மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கிட்டு இருப்பார். இழுக்க ஆயிரம் கை இருக்கு. நிறுத்தத்தான் தொழில் தெரிஞ்சவர் வேணும். அந்த 6,500க்கும் 24,000க்கும் நடுவுல இருந்த வித்தியாசம் அதுதான்னு அப்போ உறைச்சுது.

லாரியில டிரைவர் கேபினை ஒட்டி நேரா நிக்க வச்சு, பெல்ட் போட்டுக் கட்டினாங்க. வேற ஒரு சாமான் கூட ஏத்தலை. ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. முழுக்க சின்ன கியர்லயே இறங்கினாங்க. நானும் அத்தையும் கார்ல பின்னாடியே. ஒவ்வொரு வளைவுக்கும் அத்தை கை முன் சீட்டைப் பிடிக்கும், அப்புறம் விடும். நான் எண்ணிக்கிட்டே வந்தேன்.

சேலம் தாண்டினா அடுத்தது தொப்பூர். எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு அந்தப் பேரே போதும். 2020 டிசம்பர்லயும் 2024 ஜனவரியிலயும் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னால இருந்த வண்டிகள் மேல மோதி உயிர்கள் போன இடம். நாங்க ஏறுற பக்கம். ஆபத்தெல்லாம் எதிர்ப்பக்கம் இறங்குறவங்களுக்குத்தான். இருந்தாலும் அந்தப் பக்கம் கனரக லாரிங்க வரிசையா இறங்குறதைப் பார்த்தா, பாரத்தை நிறுத்துறதுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாயங்காலம் நாலரைக்கு எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தாச்சு. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. 1932ல வந்த லாரல் ஹார்டி படம் ஒண்ணு இருக்கு, 'தி மியூசிக் பாக்ஸ்'. பியானோவை நூத்துச் சொச்சம் படியில ஏத்தித் ஏத்தித் திரும்பத் திரும்ப உருட்டி விடுவாங்க. அந்த மாதிரி எதையோ எதிர்பார்த்து நின்ன பசங்களுக்கெல்லாம் பெருத்த ஏமாற்றம். 20 நிமிஷத்துல உள்ள போய் நின்னுடுச்சு :-)

ஆனா அத்தை தொடலை.

மேஸ்திரி போகும்போதே சொல்லிட்டார். ரெண்டு மூணு வாரம் அப்படியே விடுங்க, உடனே சுதி சேர்க்காதீங்கன்னு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மூடுபனி, ஈரக்காத்து. இங்க பிப்ரவரியிலயே காத்து காய ஆரம்பிச்சுடும். மரம் ஈரத்தை விட்டுச் சுருங்கும், உள்ள இருக்குற ஒலிப்பலகை மாறும், கம்பி சுத்தின ஆணிகளோட பிடி தளரும். மரம் புது ஊருக்குப் பழகுற வரைக்கும் சுதி நிக்காதாம். ஜன்னல் ஓரம் வேண்டாம், ஏசி காத்து நேரா படவும் கூடாது.

அந்த மூணு வாரம்தான் எனக்குப் பெரிய கஷ்டம். அத்தையும் அப்படியேதான் இருந்தாங்க. சரியாச் சாப்பிடலை, அதிகம் பேசலை. காலையில எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்துட்டு, இங்க மலை இல்லைன்னு ஞாபகம் வந்த மாதிரி திரும்பிடுவாங்க. தப்பு பண்ணிட்டோமோன்னு தங்கமணிகிட்ட ராத்திரி ராத்திரி புலம்பினேன். பாத்திரம் பண்டத்துக்கு இன்சூரன்ஸ் போடலாம். மனுஷங்களை இடம் மாத்துறதுக்கு யார் பாலிசி கொடுக்குறாங்க?

மார்ச் கடைசியில சுதி சேர்க்குறவர் பெங்களூருல இருந்து வந்தார். அரைநாள் வேலை. கம்பியெல்லாம் பழசு, இப்போ வழக்கத்துல இருக்குற 440 ஹெர்ட்ஸ் வரைக்கும் இழுத்தா அறுந்துடும், கொஞ்சம் கீழயே நிறுத்திட்டேன் மேடம்னார்.

"பரவாயில்லப்பா. என் குரலும் இறங்கித்தான் போச்சு"ன்னாங்க அத்தை. வந்ததுல இருந்து அவங்க சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

எழுந்து போய்க் கை கழுவிட்டு வந்து உக்காந்தாங்க. பெரிய பாட்டெல்லாம் இல்லை. குழந்தைங்களுக்குச் சொல்லித்தர்ற ஏறு வரிசை, இறங்கு வரிசை. நடுவுல ஒரு கட்டை மட்டும் சத்தம் வராம முக்குச்சு. அதை அப்படியே தாண்டிட்டுப் போனாங்க. ஒரு பத்து நிமிஷத்துல வாசல்ல எதிர்வீட்டுப் பொண்ணு வந்து எட்டிப் பார்த்தா.

"கை கழுவிட்டு வாடி"ன்னாங்க.

பி.கு: உடைஞ்ச பித்தளைச் சக்கரத்துக்கு ஜோடி இன்னும் கிடைக்கலை. பியானோ மூணு சக்கரத்துலயும் ஒரு மரக்கட்டையிலயும் நிக்குது. நல்லாவே நிக்குது.