ஒரு சொட்டு, ஒரு காகிதத் துண்டு



‘சர்க்கரை பார்க்கிற மெஷின்ல ஒரு சொட்டு ரத்தம் வெச்சா எப்படி டீச்சர் நம்பர் வருது?’ என்று நம் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பட்டையில் ஒரு நொதி தடவியிருக்கும். ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு அது வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படும். பட்டையில் அச்சிட்ட மின்முனைகள் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். மெஷின் அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

இதே முறையில் தொற்றுநோயையும் கண்டுபிடிக்கலாம். கிருமியின் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை மின்முனையில் ஒட்டிவைப்பார்கள். கிருமி இருந்தால் மின்னோட்டம் மாறும். பட்டையைக் காகிதத்திலேயே செய்தால் செலவு குறைவு. காகிதம் தானே உறிஞ்சிக்கொள்வதால் பம்பு வேண்டாம். பயன்படுத்தியபின் எரித்துவிடலாம்.

வகுப்பில் மெழுகுவத்தியால் தாளில் கோடு போட்டு மேலே மை தடவுவோமே, நினைவிருக்கிறதா? மெழுகு பட்ட இடத்தில் மை ஏறாது. காகிதத்தில் இப்படித் தடுப்புக் கட்டி, நடுவே திரவம் ஓட வாய்க்கால் விடுகிறார்கள். 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு இப்படிப்பட்ட வாய்க்கால் காகிதத்தில் சர்க்கரையையும் புரதத்தையும் சோதித்துக் காட்டியது. 2009இல் தாய்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து அத்தகைய காகிதத்தில் மின்முனையை அச்சிட்டார்கள். நம் நாட்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வளர்ந்த பாத்ஷோத் நிறுவனம், கொரோனா எதிர்ப்பொருளை மின்சாரத்தால் அளக்கும் பட்டையையும் கையடக்கக் கருவியையும் 2021இல் கொண்டுவந்தது.

இதெல்லாம் மீன்சுருட்டிக்கு எதற்கு என்கிறீர்களா?

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா முந்திரிக்காட்டில் கூலி வேலை பார்த்தார். விடாத இருமல். சளி கொடுக்க ஒரு நாள் பஸ் ஏறினார். முடிவு வாங்க இன்னொரு நாள் போனார். ‘இன்னும் வரலை, நாளைக்கு வாங்க’ என்றார்கள். இரண்டு நாள் கூலி ஏற்கெனவே போயிருந்தது. மூன்றாம் நாள் அவர் போகவில்லை. சில மாதம் கழித்து அந்தப் பிள்ளைக்கும் இருமல். இருவருக்கும் காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடப் படிப்பு போய்விட்டது.

மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார். முடிவு மட்டும் அவர் பஸ் ஏறுவதற்குள் வரவில்லை. காகிதப் பட்டை தீர்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

தடைகளும் உண்டு. நம் சித்திரை வெயிலில் எதிர்ப்பொருள் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும். கிருமி குறைவாக இருந்தாலும் பட்டை அதைத் தவறவிடக் கூடாது. அதுவரை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளி கொடுத்துப் பாருங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கோவாவின் மோல்பயோ நிறுவனம் செய்த, பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் கருவி இருக்கும் இடத்தில் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும்.

நர்ஸாகவும் லேப் டெக்னீசியனாகவும் இருக்கும் என் பிள்ளைகளே, யாரையாவது ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் முன், அந்த நாளைக்கு அவருடைய கூலி எவ்வளவு என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்