உம்மாவின் வளையலும் தம்பியின் காரும்



இம்முறை ஒரு காரின் எஞ்சினைப் பற்றி எழுதப் போகிறேன். பெண்கள் படிக்கும் சஞ்சிகையில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போவதா இல்லையா என்பதுதான் விசயம்.

2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம். வேலை முடிந்து குறிஞ்சாக்கேணியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தேன். பையைக்கூட கீழே வைக்கவில்லை. உம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மகள், தம்பிக்கிட்டக் கொஞ்சம் கதைங்க. வளையலக் கேக்கிறான். காருக்கு வேகம் கூட்டணுமாம்."

தம்பி கட்டாரில் ஆறு வருடம் வேலை செய்து 2023 இல் ஊருக்கு வந்தவன். வந்த கையோடு 1988 ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா லெவின் ஒன்றை வாங்கினான். இரண்டே கதவு, பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் ஆசனத்தை மடிக்க வேண்டும். உம்மாவுக்கு அந்தக் கார் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இத்தனை பழைய காருக்கு இவ்வளவு விலையா என்று நானும் கேட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு நாட்டில் பழைய வாகனங்களின் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. (தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தார்கள்.) கையிலிருந்த காசுக்குக் கிடைத்தது இதுதான் என்றான். அது பாதி உண்மை. சின்ன வயதிலிருந்தே அவன் கொப்பிகளின் பின்பக்கமெல்லாம் இந்த மாதிரிக் கார்களாகத்தான் கீறியிருப்பான்.

உம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாலம் கட்டும் வேலைக்காகப் பாதை மூடப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் மையித்தாக வந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு, ஓடுகிற எந்தச் சாமானைப் பார்த்தாலும் உம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இத யார் பாத்துச் சரியென்டு சொன்ன?" ஓட்டோவில் ஏறும்போதும் கேட்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைப் பார்த்தும் கேட்பார். 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டப் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்த செய்தியையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மகன் வேகம் கூட்டக் காசு கேட்கிறான்.

நான் ஒரு சமூக சேவை உத்தியோகத்தர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். நுண்கடனில் சிக்கிய குடும்பங்களோடு உட்கார்ந்து வரவு செலவுத் தாள் எழுதுவது என் அன்றாட வேலை. அதனால் உம்மா என்னைத் தேடியது சரிதான். "வேணாம்" என்று ஒரே சொல்லில் முடிக்கத்தான் நானும் நினைத்தேன்.

ஆனால் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தாயின் செலவுத் தாளில் மாதம் ஐந்நூறு ரூபாய் அத்தருக்கு என்று இருந்தது. மூன்று கடன், இரண்டு பிள்ளைகள், இதில் அத்தரா என்று சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து உண்மையான கணக்கை எனக்குக் காட்டவே இல்லை. நான்காவதாக ஒரு கடன் எடுத்ததையும் ஊரில் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். இன்று வரை அந்தச் சிவப்புக் கோடு என் மனதை உறுத்துகிறது.

எனவே தம்பியிடம், "உன்ட பிளான எழுதித் தா" என்றேன். அவன் நம்பவில்லை. பிறகு ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுவந்தான்.

முதலாவது, எஞ்சினையே மாற்றுவது. அவனுடைய காரில் இருப்பது 4ஏ-ஜீஈ என்னும் 1,587 சீசீ எஞ்சின். யமஹாவின் பங்களிப்புடன் டொயோட்டா செய்தது. பதினாறு வால்வுகள், புதிதாக இருந்தபோது 120 குதிரைவலு. இதே குடும்பத்தில் 1991 இல் இருபது வால்வுகளோடு 160 குதிரைவலு எஞ்சின் ஒன்று வந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதைத் தேடி நாலரை லட்சம் விலை கேட்டு வைத்திருந்தான். இரண்டாவது, அது முடியாவிட்டால் ஹெட்டைச் சீவி அமுக்கத்தைக் கூட்டுவது. மூன்றாவது, நாலு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் புகைக்குழாயும் பெரிய சைலன்சரும். நாலாவது, வெளியூர்க் கராஜ் ஒன்றில் 85,000 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் ட்யூனிங். இருபது குதிரைவலு கூடும் என்று அங்கே சொன்னார்களாம்.

கையில் இருந்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அடகில் மூன்று லட்சம் எடுக்கலாம் என்பது அவன் கணக்கு.

"இப்ப இந்த எஞ்சின் எவ்வளவு தருது?" என்று கேட்டேன். "நூத்தி இருபது" என்றான். "அது 1988 இல. இப்ப?" தம்பி பேசவில்லை. எந்தக் குடும்பத்தின் தாளிலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். எவ்வளவு கூட வேண்டும் என்பதற்கு முன்னால், இருப்பதில் எவ்வளவு ஒழுகிப் போகிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிண்ணியாவிலுள்ள வயதான பாஸ் ஒருவரிடம் காரைக் கொண்டு போனோம். கராஜுக்குள் ஒரு பெண் வந்து நிற்பதில் அவருக்குச் சங்கடம். ஒரு கதிரையைத் துடைத்து வெளியே போட்டார். நான் அதை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே நாலு ப்ளக்கையும் கழற்றினார். நெருப்புப் பொறி வராமலும் பெற்றோல் பாயாமலும் இணைப்புகளை எடுத்துவிட்டார். ஒவ்வொரு ப்ளக் துளையிலும் அமுக்கமானியைப் பூட்டி, தம்பியை அக்சலேட்டரை முழுவதும் மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். சகோதரிகளே, இது நம் பிரஷர் குக்கர் விசயம்தான். ரப்பர் வளையம் தேய்ந்தால் ஆவி ஒழுகும், அரிசி வேக நேரம் எடுக்கும், அதற்காக அடுப்பைக் கூட்டிப் பயனில்லை. எஞ்சினிலும் பிஸ்டன் காற்றை நெருக்கும்போது எங்காவது ஒழுகினால் வலு போய்விடும். இந்த எஞ்சினுக்குச் சதுர அங்குலத்துக்கு 179 இறாத்தல் இருக்க வேண்டும். 142 க்குக் கீழே போகக் கூடாது. நாலுக்கும் இடையில் வித்தியாசம் 14 ஐத் தாண்டவும் கூடாது.

பாஸ் வாசித்ததை நான் எழுதினேன். 162, 160, 118, 158.

மூன்றாவதுக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடியும் அளந்தார். ஒயில் விட்டதும் அமுக்கம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட் கஸ்கட்டிலோ. ஏறவில்லை. தம்பியின் முகம் சுருங்கிப் போனது. பாஸ் சிரித்தார். "தம்பி, மூன்றரைச் சிலிண்டர்ல ஓடிக்கிட்டு பந்தயத்துக்கா போகப் போறீங்க?"

ட்யூனிங் கதையைச் சொன்னதும் இன்னும் சிரித்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டியில் லெப்டொப்பைச் செருகி எண்களை மாற்ற வழியே இல்லையாம். 85,000 ரூபாய்க்கு அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஹெட் சீவுவது பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத காலத்தில், பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெய்யில் ஓடியதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின்கள் காற்றை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் நெருக்கும், அதனால் மட்டமான எண்ணெயையும் தாங்கின. தம்பியின் எஞ்சின் ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேலே நெருக்குகிறது. சீவினால் இன்னும் கூடும். அப்போது 92 ஒக்டேன் பெற்றோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும். டக் டக் என்று தட்டும் சத்தம் வரும், கவனிக்காவிட்டால் பிஸ்டனே போய்விடும். 95 தான் அடிக்க வேண்டும். 2022 ஜூன் கடைசியில் 92 ஒரு லீற்றர் 470 ரூபாய்க்கும் 95 ஒரு லீற்றர் 550 ரூபாய்க்கும் விற்றதையும், அதற்கும் வரிசையில் கிடந்ததையும் அனுபவித்த நாடு இது. ஒரு தடவை சீவுவதற்குக் கொடுக்கும் காசோடு செலவு முடிவதில்லை, பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் தொடரும்.

எஞ்சின் மாற்றுவதிலும் இப்படித்தான். நாலரை லட்சத்தோடு நிற்காது. வயரிங், கம்ப்யூட்டர், மவுண்ட் எல்லாம் கூட வரும். எஞ்சின் இலக்கம் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

கிளம்பும்போது பாஸ் டயரின் பக்கவாட்டில் கை வைத்தார். நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம்: 1413. முதலிரண்டு கிழமை, பின்னிரண்டு வருடம். 2013 ஆம் ஆண்டின் பதினாலாவது கிழமையில் செய்த டயர். பூ இன்னும் இருந்தது, ஆனால் ரப்பர் வெடித்துப் போயிருந்தது. உங்கள் வீட்டு வாகனத்திலும், பிள்ளைகள் போகும் பள்ளிக்கூட வேனிலும் இன்றைக்கே இதைக் குனிந்து பாருங்கள்.

அன்றிரவு மேசையில் புதிய தாள் போட்டோம். நான் வழக்கமாகப் போடும் மூன்று நிரல்கள்: இல்லாவிட்டால் ஆபத்து, இல்லாவிட்டால் நட்டம், ஆசை. தம்பி மூன்றாவது நிரலைப் பார்த்து, "இதையும் எழுதலாமா ராத்தா?" என்று கேட்டான். எழுதச் சொன்னேன். பேனையை நான் தொடவில்லை.

டயர் நாலுக்கு 96,000. பிரேக் பேட், ஹோஸ், எண்ணெய் 31,000. ஹெட்டைக் கழற்றி வால்வு தீட்டி, எரிந்துபோன ஒரு வால்வை மாற்றி, கஸ்கட் போட 78,000. கழற்றும்போதே டைமிங் பெல்ட்டையும் வோட்டர் பம்பையும் மாற்றிவிட வேண்டும் என்றார் பாஸ். பெல்ட் ஓடக்கூடியது ஒரு லட்சம் கிலோமீற்றர்தான், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. 34,000. ரேடியேட்டர் சுத்தம், கூலண்ட், ப்ளக், காற்று வடி 18,000. கூட்டினால் 2,57,000. நாற்பத்தேழாயிரம் குறைந்தது.

தம்பி உம்மாவின் பக்கம் பார்த்தான். உம்மா தன் கையைப் பார்த்தார். அந்த நேரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. காரின் பின்பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டியும் அம்ப்ளிபையரும் இருந்தன, முப்பது கிலோவாவது இருக்கும். கார் ஏறத்தாழ ஆயிரம் கிலோ. நூற்றில் மூன்று பங்கு பாரம் குறைந்தால், ஓட்டத்துக்கு மூன்று குதிரைவலுவுக்கும் மேலே கூடியதற்குச் சமம். "அத வித்தா காசும் வரும், வேகமும் வரும்" என்றேன். ஸ்பீக்கரை விற்று வேகம் வாங்குவதா என்று சிரித்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, 45,000 க்கு விற்றான். மிச்சம் இரண்டாயிரத்தை நான் போட்டேன். உம்மாவுக்கு அது தெரியாது, இதைப் படித்தால்தான் தெரியும்.

புகைக்குழாயை ஆசை நிரலில் அப்படியே விட்டோம். அதற்காகத் தம்பி ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறான். சத்தம் கூடாத சைலன்சராகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 2025 ஜனவரியில் பொலிசார் வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்தபோது, அவனுடைய நண்பன் ஒருவன் புதிய சைலன்சரைத் தெருவோரத்திலேயே கழற்றினான்.

வேலை முடிய ஐந்து கிழமை எடுத்தது. காரை எடுக்கப் போன அன்று பாஸ் மறுபடியும் அளந்து காட்டினார். நானே அந்தத் தாளில் பழைய எண்களுக்குக் கீழே எழுதினேன். 172, 170, 168, 171.

உம்மாவை முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போனோம். ஆசனத்தை மடித்துப் பின்னால் ஏறியது நான்தான். கிண்ணியாப் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. 2009 இல் இந்தப் பாலம் திறக்கும் வரை நாங்கள் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம், உம்மா என் கையை விடவே மாட்டார். தம்பி மிதிக்கவில்லை. ஆனால் கார் போன விதம் வேறு என்று எனக்கே தெரிந்தது.

பாலத்தின் நடுவில் உம்மா கேட்டார், "இத யார் பாத்துச் சரியென்டு சொன்ன?"

தம்பி முன்பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தான். உம்மா கண்ணாடியைப் போட்டு, மேல் வரியையும் கீழ் வரியையும் விரலை வைத்து வாசித்தார்.

"மூணாவது இன்னும் கொறவாத்தானே இரிக்கி?" என்றார்.