கம்பெனியில் கொடுக்க மாட்டார்கள்

சிற்றூரில் எழுத்தாளனாக இருப்பதில் ஒரு சௌகரியமும் ஒரு சங்கடமும் உண்டு. அவன் எழுதிய நாவலை ஊரில் யாரும் படித்திருக்க மாட்டார்கள், ஆகவே, "அந்த மூன்றாவது அத்தியாயத்தில் வருகிறவன் நான்தானே?" என்று ஒருவரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இது சௌகரியம். 'எழுதுகிறவர்' என்ற சொல்லை ஊரார் அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு விடுவார்கள். இது சங்கடம். எழுதுகிறவர் என்றால் மனு எழுதுகிறவர். பாரம் பூர்த்தி செய்கிறவர். எங்கள் ஆலங்காயத்தில் எனக்குள்ள கீர்த்தி முழுவதும் பட்டா மாறுதல் மனுவிலும் முதியோர் உதவித்தொகை மனுவிலும் சம்பாதித்ததுதான்.

இப்போது காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நான் ஒரு மணி நேரம் மையைச் செலவழித்துப் பூர்த்தி செய்ததைக் கடைவீதிப் பையன் ஐந்து நிமிஷத்தில் தட்டிவிடுகிறான். ஆனாலும் அவனிடம் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகிறவர்கள் குறையவில்லை. அவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?"

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் ஏன் இவ்வளவு புழங்குகிறது என்று சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஆலங்காயம். மலையில் சாமை விளைகிறது, பலா பழுக்கிறது. ஆனால் அடிவாரத்தில் பல வீடுகளின் அடுப்பு எரிவது செருப்பால். பரிகாசமாகச் சொல்லவில்லை. பொழுது விடியும் முன்பே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வண்டிகள் புறப்பட்டுவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் அநேகர் பெண்கள். எங்கோ ஐரோப்பாவில் எவனோ ஒருவன் பனியில் மாட்டிக்கொண்டு நடக்கப் போகும் ஷூவின் மேல்தோலைத் தைப்பவர்கள் இவர்கள்.

இவர்களில் ஒருத்திக்கு அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 1,440 ரூபாய் அவள் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. கம்பெனியும் அதே 1,440 ரூபாயைப் போடுகிறது. ஆனால் கம்பெனி போடுவது முழுவதும் ஒரே உண்டியலில் விழுவதில்லை. நூற்றுக்கு 8.33 வீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், 1995-ல் ஏற்பட்ட பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. மிச்சம் 440-தான் சேமநிதியில் அவள் பங்கோடு சேருகிறது. உண்டியல் ஒன்று என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், உண்மையில் இரண்டு. அதில் பென்ஷன் உண்டியலை வேலையில் இருக்கும்போது யாரும் திறக்க முடியாது. சேமநிதி உண்டியலுக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு உண்டு. எங்கள் ஊர்க் கேள்வி அந்தக் கதவைப் பற்றியதுதான்.

1951-ஆம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952-ல் முழுச் சட்டமான ஏற்பாடு இது. முதலில் சிமெண்ட், சிகரெட், என்ஜினீயரிங், இரும்பு-எஃகு, காகிதம், நெசவு என்று ஆறு தொழில்களுக்கு மட்டும் வந்தது. பிறகு மற்றத் தொழில்களுக்கும் பரவிற்று. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனித சுபாவம் தெரிந்தவர்கள். பத்தாவது பிரிவில் ஒரு வேலி போட்டார்கள். தொழிலாளி பட்ட கடனுக்காக எந்தக் கோர்ட்டார் டிக்ரி கொடுத்தாலும் இந்தப் பணத்தை ஜப்தி செய்யக் கூடாது. இதை அடமானம் வைக்கவும் கூடாது. ஈட்டிக்காரன் வாசலில் நின்று கத்தலாம். இந்த உண்டியலின்மேல் அவன் கை படாது.

ஆனால் கடன்காரனைத் தடுக்கும் சட்டத்துக்கு உறவுக்காரனைத் தடுக்கத் தெரியாது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பதினான்கு வருஷமாக ஷூ கம்பெனி வேலை. பெயர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கச் சேமநிதியிலிருந்து பணம் எடுத்தாள். நெடுங்காலமாக இருந்த விதிப்படி, ஏழு வருஷ சர்வீஸ் ஆனவர்கள் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ தங்கள் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதி வரை எடுக்கலாம். அப்படி எடுத்தாள். மகள் இன்று சம்பாதிக்கிறாள். அந்தப் பணம் வீண் என்று எந்தப் பொருளாதார நிபுணர் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மீதிப் பணத்தின்மேல் வேறு பல கண்கள் விழுந்தன. புருஷனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். கொழுந்தனுக்கு ஒரு கடை. நாத்தனார் வீட்டுச் சீர். எல்லாருக்கும் அவள் ஒரே பதில் சொல்லி வந்தாள்: "கம்பெனியில கொடுக்க மாட்டாங்க." இந்த மூன்று வார்த்தைதான் அவளுடைய பத்தாவது பிரிவு. காரணம் காட்ட வேண்டும், கம்பெனியில் கையெழுத்து வாங்க வேண்டும், ஆபீசுக்கு அலைய வேண்டும் என்று ஊரார் நம்பியிருந்த வரைக்கும் அந்த வேலி நின்றது. "நான் தர மாட்டேன்" என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் சண்டை. "கம்பெனி தராது" என்று சொன்னால் கம்பெனிக்குத்தான் திட்டு விழும். அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒரு நாள் கொழுந்தன் செல்போனை நீட்டியபடி வந்தான். "அண்ணி, கம்பெனியை யாரும் கேக்க வேணாம். ஆன்லைன்லயே எடுக்கலாம். அண்ணன் போனுக்குத்தான் நம்பர் வருது."

அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "நிஜமாண்ணா? நான் கையெழுத்தே போடாம எடுத்துடலாமா?"

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. அவளுடைய ஆதாரில் பதிந்திருந்தது புருஷனுடைய செல்போன் எண். பணம் கேட்டு மனுப் போட்டால், சம்மதத்துக்கான ரகசிய எண் அவன் கைக்குத்தான் போகும். பணம் விழுவது அவள் பெயரிலுள்ள பாங்குக் கணக்கில்தான். ஆனால் அந்தக் கணக்கின் கார்டும் அவன் சட்டைப் பையில் இருந்தது. உழைப்பு அவளுடையது, பெயர் அவளுடையது, சாவி மட்டும் வேறொருவருடையது.

இதற்கிடையில் கதவும் அகலமாகிக்கொண்டே வருகிறது. 2020-ல் கொரோனா காலத்தில், மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது இருப்பில் நூற்றுக்கு 75, இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கம்பெனிகள் மூடிக்கிடந்த நாட்களில் அந்தப் பணம் பல வீடுகளில் அரிசியாயிற்று. 2025 அக்டோபர் 13-ந் தேதி சேமநிதியின் மத்திய அறங்காவலர் குழு இன்னும் பெரிய தீர்மானம் ஒன்றைச் செய்தது. பதின்மூன்று வகையாகச் சிதறிக் கிடந்த விதிகளை ஒன்றாக்குவது. ஒரு வருஷ சர்வீஸ் இருந்தாலே போதும் என்பது. காரணம் சொல்லாமலும் எடுக்க இடம் கொடுப்பது. நூற்றுக்கு 25 மட்டும் எப்போதும் கணக்கில் நிற்க வேண்டும் என்பது.

மலேசியாவில் நம் தமிழர்கள் ஏராளமாக உழைக்கிறார்கள். அங்கும் 1951-லேயே இப்படியொரு நிதி ஏற்பட்டது. கொரோனா காலத்தில் அங்கே பலவகையாக அனுமதித்ததில் 14,500 கோடி வெள்ளி வெளியேறிவிட்டது. அதன் பிறகு, 2024 மே மாதத்தில், கணக்கை மூன்றாகப் பிரித்தார்கள். புதிதாக வரும் பணத்தில் நூற்றுக்கு 75 முதுமைக்கு. 15 நடுவில் வரும் தேவைகளுக்கு. 10 எந்த நேரமும் எடுத்துக்கொள்ள. அவர்கள் முதுமைக்கு ஒதுக்குவது முக்கால். நம்மவர்கள் கட்டாயமாக நிறுத்துவது கால். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதியல்ல. ஆனால் நமது ஏற்பாட்டில் சொந்தக் கட்டுப்பாடு என்ற ஒன்று அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதற்கு நிபுணத்துவம் வேண்டியதில்லை.

சிலர் உடனே, "அப்படியானால் கதவையே அடைத்துவிட வேண்டியதுதானே?" என்பார்கள். சம்பளத்தைத் தவிர வேறு வரும்படி இல்லாத வீட்டை அவர்கள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு 50,000 ரூபாய் வேண்டும். வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,500, வருஷம் 18,000. அதே 50,000 சேமநிதியில் கிடந்தால், 2024-25-க்கு அறிவித்த 8.25 வீத வட்டிப்படி வருஷத்துக்குக் கிடைப்பது 4,125. நாலாயிரத்தைக் காப்பாற்றப் பதினெட்டாயிரத்தை இழப்பது சிக்கனமல்ல. உயிர்போகிற நேரத்தில் எடுக்கவே வேண்டும்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? வட்டி இதே வீதத்தில் நிற்குமானால் அந்த 50,000, ஒன்பது வருஷத்துக்குள் ஒரு லட்சம். இருபத்தாறு வருஷத்தில் நாலு லட்சம். முப்பத்திரண்டு வயதில் வாங்கிய மோட்டார் சைக்கிளின் உண்மையான விலை, ஐம்பத்தெட்டு வயதில் இல்லாமற்போகும் அந்த நாலு லட்சம். எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் 'பி.எஃப். லோன்' என்கிறார்கள். லோன் அல்ல இது. லோன் என்றால் திருப்பிக் கட்டு என்று ஒருவன் கேட்பான். இதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆள் ஐம்பத்தெட்டு வயதில் காத்துக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. மலைமேல் காவலூரில் எவ்வளவோ தூரத்து நட்சத்திரங்களைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. தன் முதுமையைப் பார்க்க மனுஷனுக்கு அப்படி ஒன்று இன்னும் செய்து தரவில்லை.

பென்ஷன் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கும் அளவு உண்டு. சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 12,000 சம்பளம், 14 வருஷ சர்வீஸ் என்றால் மாதம் 2,400 ரூபாய். அரிசிக்கும் மருந்துக்கும் அது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே என்னிடம் கேட்க வருகிறவர்களை நான் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறேன். "எதற்கு?" என்பது முதல் கேள்வி. "யாருக்கு?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சளைக்காமல் பதில் வரும். இரண்டாவது கேள்விக்குப் பல பெண்கள் தரையைப் பார்ப்பார்கள்.

பக்கத்துத் தெருப் பெண் அன்று தரையைப் பார்த்தாள். நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. ஆதார் மையம் எங்கே இருக்கிறதென்று மட்டும் சொன்னேன். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய், கைரேகை வைத்து, தன் செல்போன் எண்ணைப் பதிந்துகொண்டு வந்தாள். பாங்குக் கார்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

பிறகு ஒரு நாள் கடைவீதியில் பார்த்தேன். "மொத்தத்தையும் கேட்டாருண்ணா. நான் இருபதாயிரம் எடுத்துக் கொழுந்தன் கடைக்குக் கொடுத்தேன். அவரும் நம்ம பிள்ளைதானே. மீதி இருக்குது" என்றாள்.

அவள் கொடுத்திருக்க வேண்டாம் என்றுகூட எனக்குத் தோன்றிற்று. சொல்லவில்லை. கம்பெனியின் பெயரைச் சொல்லாமல், எவ்வளவு என்பதை அவளே சொன்னாளே, அது போதும்.