கைக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு பாட்டு

மனம் நொந்து கிடப்பவரிடம் நாம் முதலில் சொல்வது, "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்பதுதான். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அப்படிச் சொன்னதால் யாருக்கும் நினைப்பு நின்று நான் பார்த்ததில்லை. அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தையல் போட்டு, மாவுக்கட்டுப் போட்டு, வலிக்கு ஊசியும் போட்டுப் படுக்கவைத்த பிறகும் உறங்காமல் கிடந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பைக்கில் வந்து லாரியில் மோதிய ஒரு தம்பி. கண்ணை மூடினால் போதும், லாரியின் இரண்டு முகப்பு விளக்குகளும் நேராக முகத்துக்கு வருகின்றன என்றார். பார்க்க வந்த சொந்தங்கள் எல்லாரும், "உயிர் பிழைச்சதே பெரிசு, மறந்துடுப்பா" என்றார்கள். அவரும் சரி சரி என்று தலையாட்டினார். அவர்கள் படியிறங்கியதும், "சிஸ்டர், லைட்டை மட்டும் அணைச்சிடாதீங்க" என்றார். காயத்துக்கு எங்களிடம் மருந்து இருந்தது. அந்த இரண்டு விளக்குகளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதனால்தான் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தத் தம்பியின் நினைவு வந்தது. ஆக்ஸ்போர்டில் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை இருக்கிறது. அதன் அவசரப் பிரிவுக்கு சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேரை எமிலி ஹோம்ஸ் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இரண்டாகப் பிரித்தார்கள். விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள், ஒரு பாதியினரை நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கச் சொல்லி, பிறகு 20 நிமிடம் டெட்ரிஸ் ஆடச் சொன்னார்கள். மறு பாதியினர் மருத்துவமனையில் என்னென்ன செய்தோம் என்று எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரத்தில், விபத்துக் காட்சி கேட்காமல் கண்முன் வந்து நிற்பது டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு 62 சதவீதம் குறைந்திருந்தது. 2017இல் இந்த முடிவு வெளியானது.

டெட்ரிஸ் நம்மில் பலர் பார்த்த ஆட்டம்தான். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. நாலு சதுரம் சேர்ந்த ஏழு விதமான கட்டைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். இறங்கி முடிப்பதற்குள் அதைத் திருப்பி, கீழே இருக்கும் சந்தில் இடைவெளி இல்லாமல் உட்காரவைக்க வேண்டும். கையால் திருப்புவதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாக வேண்டும். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பயங்கரமான ஒரு காட்சி நினைவில் இறுகிப் படிவதற்குச் சில மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் மனசின் படம் பார்க்கும் பகுதிக்கு வேறு கடுமையான வேலை இருந்தால், காட்சி அவ்வளவு அழுத்தமாகப் படிவதில்லை. இதே குழுவினர் முன்பு ஒருமுறை, சொல்லால் பதில் சொல்லும் வினாடி வினாவையும் வைத்துப் பார்த்தார்கள். அதில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏதோ ஒன்றில் கவனம் போனால் போதும் என்பதில்லை, கண்ணுக்கும் உருவத்துக்கும் வேலை வைக்கிற ஆட்டமாக இருக்க வேண்டும். நடந்தது மறந்துபோவதும் இல்லை. எந்த இடம், எந்த வண்டி, யார் தூக்கினார்கள் என்று கேட்டால் சொல்ல முடியும். கூப்பிடாமல் வருவது மட்டும் குறைகிறது. என் பணிக்காலத்தில் இது தெரிந்திருந்தால், அந்தத் தம்பியின் சொந்தங்களில் ஒருவரிடம் கைபேசியைக் கொஞ்ச நேரம் வாங்கித் தந்திருப்பேன்.

நியூசிலாந்தில் இன்னொரு வழியில் போனார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாலி மெர்ரி குழுவினர், மனச்சோர்வில் இருக்கும் வளரிளம் பிள்ளைகளுக்காக ஸ்பார்க்ஸ் என்ற ஆட்டத்தையே உருவாக்கினார்கள். ஏழு கட்டங்கள் கொண்ட மாய உலகம் அது. 'என்னால முடியாது, எதுவும் மாறாது' என்று தலைக்குள் தானாக எழும் எண்ணங்கள் அங்கே பூச்சிகளாகப் பறந்து வரும். பிள்ளைகள் அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். மூச்சை நிதானப்படுத்துவதும், சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதும் ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். 187 பிள்ளைகளிடம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை தந்த பலனுக்கு இது குறைந்துவிடவில்லை. வாய் திறந்து பேசக் கூச்சப்படும் பிள்ளைகளை நினைத்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இசைக்கு வருகிறேன். ஐரா ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1940களில் ஒன்று சொன்னார். சோர்ந்து கிடப்பவருக்கு எடுத்த எடுப்பில் உற்சாகப் பாட்டைப் போடாதீர்கள். அவர் மனம் இருக்கும் இடத்துக்குப் பாட்டு முதலில் இறங்கி வரட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அங்கிருந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். இசைச் சிகிச்சை படிப்பவர்களுக்கு இன்றும் இது பாடம்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழவு வீட்டில் நுழையும் பெண் ஆறுதல் சொல்லிக்கொண்டா நுழைகிறாள்? கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுக்கிறாள். செத்தவருக்காகத் தொடங்கும் பாட்டு, நாலு அடி தாண்டுவதற்குள் பாடுகிறவளின் சொந்தத் துக்கத்துக்குப் போய்விடும். பிறந்த வீடு, பேச்சு நின்றுபோன அண்ணன், தங்காமல் போன பிள்ளை என்று எல்லாம் வரும். யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை. ஒருத்தி ஓய்ந்தால் அடுத்தவள் எடுப்பாள். குரல் கம்மிப்போய் எல்லாரும் முகம் கழுவும்போது தெரியும், உள்ளே இருந்த ஏதோ ஒன்று வெளியே வந்துவிட்டது என்று. வட மாவட்டங்களில் கருமாதி இரவன்று 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பதும் இந்த வகைதான். தங்கள் துக்கத்தைக் கர்ணன் சாவில் வைத்து விடிய விடிய அழுதுவிட்டு எழுந்திருக்கிறார்கள்.

என் கணவர் போனபோது எங்கள் வீட்டு முற்றத்தில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு படித்த பேரன் பின்கட்டில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தான். "எழவு வீட்டுல பையனுக்கு கேம் கேட்குதோ" என்று ஒருவர் முணுமுணுத்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மைன்கிராஃப்ட் என்று ஓர் ஆட்டம், கட்டம் கட்டமாக எதையும் கட்டலாம். அவன் கட்டிக்கொண்டிருந்தது எங்கள் பழைய கிராமத்து வீடு. "தாத்தா உக்காருற திண்ணை சரியா வரல அப்பத்தா. தூணு கல்லா, மரமா?" என்றான். மரம் என்றேன். கல்தூணை உடைத்து மரத்தூண் வைத்தான். பிறகு மாட்டுக்கொட்டகை எந்தப் பக்கம், கிணறு எவ்வளவு தள்ளி என்று கேட்டுக் கேட்டுக் கட்டினான். அதுவரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. முன்வாசலில் பெண்கள் பாடியதும் பின்கட்டில் அவன் கட்டியதும் ஒரே காரியம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பின்லாந்தில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 79 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, இசைச் சிகிச்சையாளருடன் உட்கார்ந்து மத்தளம் போன்ற வாத்தியங்களைத் தோன்றியபடி வாசிக்கவும் வாய்ப்பு தந்தார்கள். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று மாதத்தில் அவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தன. மாத்திரையை நிறுத்திவிட்டு அவர்கள் வாசிக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக்குப் பாட்டு துணை வரும். மருந்தின் இடத்தில் அதை உட்காரவைக்கக் கூடாது.

எல்லாப் பாட்டும் நல்லது செய்யும் என்றும் இல்லை. ஒரே சோகப் பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும்போது, மனம் செக்குமாடு போல ஒரே தடத்தில் சுற்றத் தொடங்கிவிடும். அப்படிக் கேட்கிற பிள்ளையிடம் பாட்டைக் குறை சொல்ல வேண்டாம். "கேட்டு முடிச்சதும் உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் போதும். கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றால் கேட்கட்டும். இன்னும் கனக்கிறது என்றால் கூட உட்கார்ந்து வேறு பாட்டுக்கு மெல்ல நகர்த்தலாம். நம் வீடுகளில் சேர்ந்து பாடும் வழக்கம் குறைந்துவிட்டது எனக்குப் பெரிய வருத்தம். பஜனையோ, தேவாலயப் பாட்டோ, இளையராஜா பாட்டோ, நாலு பேர் ஒன்றாகப் பாடும்போது எல்லாருடைய மூச்சும் ஒரே நிதானத்துக்கு வருவதை யாரும் கவனித்துப் பார்க்கலாம்.

விளையாட்டைப் பற்றி நாம் கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனை மணி நேரம்?" ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2022இல் ஏறத்தாழ 39,000 பேர் ஆடிய நேரத்தை, அந்தந்த நிறுவனங்களின் பதிவிலிருந்தே எடுத்துப் பார்த்தார்கள். நேரம் கூடியதாலோ குறைந்ததாலோ மனநலம் பெரிதாக மாறவில்லை. எதற்காக ஆடினார்கள் என்பதற்குத்தான் எடை இருந்தது. ஆசைப்பட்டு ஆடியவர்களின் மனநிலை நன்றாக இருந்தது, ஆடியே தீர வேண்டும் என்ற உந்தலில் ஆடியவர்களின் மனநிலை அப்படி இல்லை. அவர்கள் எல்லாம் பெரியவர்கள், இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிறது. உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டுக்கு அடிமையாவதை நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது மணிக்கணக்கு எதையும் வைக்கவில்லை. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முதலாக நிற்பது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஓர் ஆண்டு நீடிக்கின்றனவா என்றுதான் பார்க்கச் சொல்கிறது.

பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் வகையறாவை நான் இந்தப் பேச்சிலேயே சேர்க்கமாட்டேன். அது சூதாட்டம். அதில் வீட்டையும் உயிரையும் தொலைத்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. வேறு பெயரில் செயலி ஏதாவது வீட்டுக்குள் வந்திருக்கிறதா என்று பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டமும் பாட்டும் எட்டாத இடம் ஒன்று உண்டு. வாரக்கணக்கில் உறக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த ஆட்டத்தைக்கூடத் தொட மனமில்லை, 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு வருகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், கைபேசிக்கும் விளையாட்டுக்கும் அடிமையானவர்களுக்கென்றே 2014 முதல் தனி சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. 14416ஐப் பாதிக்கப்பட்டவரேதான் கூப்பிட வேண்டும் என்பதும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கும் அப்பா கூப்பிடலாம், அப்பத்தாவும் கூப்பிடலாம்.