டிரைவரும் தீய எண்ணமும்

மத்ரஸா ஆண்டு விழாக் காணொளியைத் தொகுக்கும்போது கணினித் திரை திடீரென இருண்டது. மீண்டும் இயக்கினேன், மறுபடியும் இருண்டது. முந்தைய நாள் அதில் அமர்ந்திருந்த மாணவன் விளையாட்டு எதையோ ஏற்றிவிட்டான் என்றெண்ணி, அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

இஷாவுக்குப் பின் கணினியின் புதுப்பித்தல் பதிவைப் பார்த்தேன். முந்தைய இரவே கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் தானாக மாறியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதை அழுத்தினேன். பழைய டிரைவர் திரும்பியது. காணொளியும் தடையின்றி முடிந்தது.

சொன்ன சொல்லைத் திரும்பப் பெற அப்படியொரு பொத்தான் இல்லை. சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தைப் பாடமாக நடத்துபவன் நான். மறுநாள் அதே மாணவர்கள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்லை ஹஜ்ரத்” என்றான்.

அல்லாஹ் நம் எண்ணங்களைச் சீராக்குவானாக.