ஒரு டெராபைட் வாங்கப் போனோம்!

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி மவுன்ட் ரோடுக்கு வந்துவிட்டால், ‘ரிச்சி தெரு எங்கே?’ என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மானிட்டர் பெட்டியைத் தோளில் சுமந்தபடி ஒருத்தர் எதிரே வருவார். அவர் எந்தச் சந்திலிருந்து வெளிப்படுகிறாரோ, அதுதான்!

ஒரு காலத்தில் ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பேர்போன தெரு. இப்போது கம்ப்யூட்டர், செல்போன், சி.சி.டி.வி. கேமரா என்று பக்கத்து நரசிங்கபுரம் தெரு வரை வழிந்து கிடக்கிறது. பல கடைகள் நம் வீட்டுச் சமையலறையைவிடச் சின்னது. நடுவே தள்ளுவண்டி, டூ வீலர், சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். ஆகவே ஆபீஸ் ஆசாமிகளுக்குச் சனிக்கிழமைதான் விதி.

நான் போனது ஆபீஸில் பக்கத்து சீட் பையனோடு. அவனுக்கு கேம்ஸ் ஆட ஒரு புது கம்ப்யூட்டர். போனஸும் சேமிப்புமாக 70 ஆயிரம். தை மாசம் தங்கைக்குக் கல்யாணம். “அதுக்கப்புறம் எனக்குன்னு எதுவும் வாங்க முடியாது சார். இதான் கடைசி!” என்றான். பகீரென்றது. ஒவ்வொரு ரூபாயும் யோசித்துப் போட வேண்டிய பணம்.

முதல் கடையில் எஸ்.எஸ்.டி. கேட்டோம். “ஜென் ஃபைவ் எடுத்துக்க தம்பி. செகண்டுக்கு 14,000 எம்.பி.! ராக்கெட்!” என்றார் கடைக்காரர். பையனின் கண் விரிந்தது.

இவன் எழுதி வைத்திருந்ததோ பி550 மதர்போர்டு. அதில் ஜென் ஃபோர் வரைதான். ராக்கெட்டை வாங்கி மாட்டினாலும் பாதி வேகம், சுமார் 7,000தான் வரும். அதுவும் ஒரே பெரிய ஃபைலைக் கடகடவென்று படிக்கும்போது. கேம் அப்படிப் படிப்பதில்லை. துண்டு துண்டாகக் கேட்கும். வந்ததைப் பிரித்து அடுக்க பிராசஸருக்கும் நேரம் வேண்டும். ஆகவே ஜென் ஃபோருக்கும் ஃபைவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான கேம்களில் கண்ணுக்கே தெரியாது. திரையில் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போவது கிராபிக்ஸ் கார்டின் புண்ணியம்.

அதற்காக எஸ்.எஸ்.டி.யே வேண்டாம் என்று பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பேற்றவும் முடியாது. 2023-ல் வந்த ‘ஸ்டார்ஃபீல்டு’, ‘பால்டுர்ஸ் கேட் 3’ இரண்டுமே எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்கின்றன. முதலாவதுக்கு 125 ஜி.பி. இடம், அடுத்ததுக்கு 150. ஒரு டெராபைட் என்று வாங்குவது விண்டோஸில் 931 ஜி.பி.யாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் வேகத்தைவிட இடம்தான் முக்கியம்.

“இது சீப் சார்!” என்று அடுத்த கடையில் ஒன்றை நீட்டினார்கள். பெட்டியைத் திருப்பினால் க்யூ.எல்.சி. அதென்ன? பக்கத்துத் திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூமில் மூணு பேர் என்றால் டி.எல்.சி. நாலு பேர் என்றால் க்யூ.எல்.சி. வாடகை குறையும், காலையில் பாத்ரூம் வாசலில்தான் தெரியும் சங்கதி! வருகிற சாமானை முதலில் வராந்தாவில் மளமளவென்று வாங்கிப் போட்டுக்கொள்ளும். வராந்தா நிரம்பிவிட்டால் சில டிரைவ்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக நகரும்.

இன்னொரு அடையாளம் டி.பி.டபிள்யூ. எவ்வளவு எழுதும் வரை வாரண்ட்டி என்ற கணக்கு. நல்ல டி.எல்.சி. ஒரு டெராபைட்டில் வழக்கமாக 600 டெராபைட் இருக்கும். தினம் 50 ஜி.பி. எழுதினால்கூட 32 வருஷம் ஓடும்! க்யூ.எல்.சி.யில் 220-ம் உண்டு.

மூன்றாவது கடையில் எல்லாம் பொருந்திவந்தது: ஜென் ஃபோர், டி.எல்.சி., 5 வருஷ வாரண்ட்டி. விலையும் குறைவு. ஆனால் சீல் கிழிந்திருந்தது. “மாட்டிக் காட்டுங்களேன்” என்றேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச சாஃப்ட்வேர்; டிரைவ் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடும். சொன்னது: 1,920 மணி!

“அது டெஸ்டிங் பீஸ் சார்...”

“டெஸ்ட் பண்ணவே 80 நாளா?”

நாலாவது கடையில் ஒரு பெரியவர். அதே ரகத்தில் சீல் உடையாத பெட்டி. கேட்காமலே சீரியல் நம்பரோடு பில் போட்டார். 400 ரூபாய் கூடுதல். “பில்லை பத்திரமா வச்சுக்க தம்பி. மிச்சக் காசைக் கார்டுல போடு” என்றார். ஜென் ஃபைவ் வாங்காமல் மிஞ்சிய பணத்தில் ஒரு படி மேலான கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது.

மற்றதெல்லாம் பெரிய பெட்டிகள். எஸ்.எஸ்.டி. மட்டும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சட்டைப் பையில் அடங்கிவிட்டது. டீ குடிக்கும்போது நாலு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“என்னப்பா, தாலி வாங்கிட்டு வந்த மாதிரி?” என்றேன்.

“அதுக்கு அடுத்த வாரம் டி.நகர் போறோம் சார். நீங்களும் வாங்களேன்... நல்லா பாத்து வாங்கறீங்க!”