கப்பல் பார்த்திருக்கும் தீவுகள்

மரம் வெட்டிப் பிழைத்தது ஒரு காலம். சுற்றுலாப் பயணிகளை நம்பியிருப்பது இந்தக் காலம். அடுத்தது துறைமுகம் என்கிறது மத்திய அரசு. அந்தமான் நிக்கோபாரில் நிலம் கொஞ்சம். அதன் மீது கண் வைத்திருப்பவர்கள் அதிகம்.

சென்னைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் வெங்காய மூட்டை சுமார் 1,200 கி.மீ. கடல் தாண்டித்தான் அந்தமான் தலைநகரின் அபர்டீன் பஜாருக்கு வந்து சேர வேண்டும். கடல் கொந்தளித்தாலோ கப்பல் பழுதானாலோ பஜாரில் விலை ஏறிவிடும். அரிசி, பருப்பு, சிமென்ட், மருந்து, சமையல் எரிவாயு எல்லாம் கப்பலில் வருபவைதான். வீட்டில் எரியும் விளக்குக்குக்கூடக் கப்பல் வர வேண்டும். மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களில் உற்பத்தியாகிறது. அந்த டீசலும் கடல் வழியாகத்தான் வருகிறது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். தூரத்தைத் தீவுவாசிகள் இப்படித்தான் அளக்கிறார்கள். அவர்கள் பேச்சில் சென்னையும் கொல்கத்தாவும் 'மெயின்லேண்ட்'.

வரைபடத்தில் வங்காள விரிகுடாவின் கிழக்கு ஓரத்தில் சிதறிய புள்ளிகளாகத் தெரியும் இந்தத் தீவுக்கூட்டத்தின் நீளம் 700 கி.மீ.க்கும் மேல். தீவுகள், திட்டுகள், பாறைகள் என்று மொத்தம் 836. மக்கள் வாழ்வது 31-ல் மட்டும். பரப்பளவு 8,249 சதுர கி.மீ.; அதில் 80 சதவீதத்துக்கு மேல் காடு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. வடக்கே அந்தமான், தெற்கே நிக்கோபார். இரண்டுக்கும் நடுவே சுமார் 150 கி.மீ. அகலத்துக்குப் 'பத்து டிகிரி கால்வாய்' என்ற கடல். தென்கோடியில் உள்ள இந்திரா முனையிலிருந்து இந்தோனேஷியாவின் சுமத்ரா ஏறத்தாழ 150 கி.மீ. தூரம்தான், சென்னையோ அதைப்போலப் பத்து மடங்கு தொலைவு. ஆனாலும் கடிகாரம் காட்டுவது இந்திய நேரத்தை. எனவே டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது.

தமிழர்களுக்கு இந்தத் தீவுகள் புதியவை அல்ல. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்று வருவது நிக்கோபார்தான். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் சூட்டியபோது மத்திய அரசும் சோழர் கடற்படையின் பெருமையை நினைவூட்டியது. ராஜேந்திரன் படையெடுத்துப் போன ராஜ்யத்தின் பெயரும் ஸ்ரீவிஜயம்தான் என்பது சரித்திரத்தின் குறும்பு.

கைதிகள் போட்ட அடித்தளம்

இன்றைய அந்தமானின் கதை 1858-ல் தொடங்குகிறது. சிப்பாய்க் கலகத்தை ஒடுக்கிய ஆங்கிலேயர்கள், அதில் பிடிபட்டவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். காட்டை அழித்து, சதுப்பு நிலத்தை மேடாக்கி, ஊரைக் கட்டியது அந்தக் கைதிகள்தான். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு பிரிவுகளில் மூன்று மட்டும் இன்று நிற்கின்றன. 1942 முதல் 1945 வரை தீவுகள் ஜப்பானியர் பிடியில் இருந்தன. அவர்கள் காலத்தில், 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி இங்கே தேசியக் கொடியை ஏற்றினார்.

கைதிகளுக்குப் பின் ஒவ்வொரு காலத்திலும் ஒரு கூட்டம் கப்பலிலிருந்து இறங்கியது. 1921 கலகத்துக்குப் பிறகு மலபார் மாப்பிள்ளைகள், 1925-ல் மாயாபந்தர் பக்கம் குடியேறிய பர்மாவின் கரேன் இனத்தவர், மரம் வெட்ட வந்த ராஞ்சிப் பகுதிப் பழங்குடியினர், 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள். காட்டைத் திருத்தி வயலாக்க வேண்டும் என்பதுதான் அகதிகளுக்கு நிலம் கொடுத்தபோது சொல்லப்பட்ட நிபந்தனை. அவர்களும் அதைச் செய்தார்கள்.

தமிழர்கள் பல வழிகளில் வந்தார்கள். தென் மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்தவர்கள் உண்டு. கடை வைக்க வந்தவர்கள் உண்டு. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டவர்களும் உண்டு. 2011 கணக்குப்படி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். தலைநகரின் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காவடி எடுக்கும் கூட்டத்தைப் பார்ப்பவர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோகும். வெளியே வந்தால் பொதுமொழி இந்துஸ்தானி. வங்காளி மீன்காரரிடம் தமிழர் பேரம் பேசுவது அதில்தான். கைதிகளின் சந்ததியினர் 'லோக்கல் பார்ன்' என்ற பெயரில் தனிச் சமூகமாகிவிட்டார்கள். அவர்களிடையே மதம் தாண்டிய கல்யாணங்கள் நெடுங்காலமாகவே சாதாரணம். 'குட்டி இந்தியா' என்ற பெயர் இந்த ஊருக்குச் சும்மா வரவில்லை.

தமிழர்களில் ஒரு பகுதியினரின் கதை மட்டும் வேறு மாதிரியானது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில, நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கட்சாலும் ஒன்று. காட்டையும் தோட்டங்களையும் நிர்வகித்த அரசுக் கழகத்தை மூட 2017-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரு தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு இன்னொரு தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு அந்தத் தோட்டமும் நிலைக்கவில்லை.

மரமும் மீனும் மழைநீரும்

நூறாண்டுக்கும் மேலாகத் தீவுகளுக்குச் சோறு போட்டது காடு. தலைநகரை ஒட்டிய சாத்தம் தீவில் 1883-ல் தொடங்கிய மர அறுவை ஆலை, ஆசியாவின் மிகப் பழைய ஆலைகளுள் ஒன்று. 'படாக்' என்ற செந்நிற மரம் இங்கிருந்து இங்கிலாந்துக்கும் கப்பலேறியது. இந்தக் கணக்கு 2002 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. உள்ளூர்த் தேவைக்குத் தவிர, இயற்கைக் காட்டில் வணிகத்துக்காக மரம் வெட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒட்டுப்பலகை ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

விவசாயம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் பெரிதாகப் பலிக்கவில்லை. தென்னையும் பாக்கும் நன்றாக வருகின்றன, நெல் போதவில்லை. சுனாமிக்குக் காரணமான பூகம்பத்தில் வடக்கு அந்தமான் சற்று உயர்ந்தது, தெற்கு அந்தமான் தாழ்ந்தது. தலைநகருக்கு அருகிலுள்ள சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல் வந்தது, திரும்பிப் போகவில்லை.

கடலில் செல்வம் இருக்கிறது. தீவுகளைச் சுற்றி இந்தியாவுக்கு உரிமையுள்ள கடற்பரப்பு சுமார் 6 லட்சம் சதுர கி.மீ.; நாட்டின் மொத்த உரிமைக் கடலில் ஏறத்தாழ 30 சதவீதம். சூரை மீன் ஏராளம். ஆனால் ஆழ்கடல் படகும், ஐஸும், பிடித்ததை வெளியே அனுப்பக் கப்பலும் வேண்டும். உள்ளூர் மீனவர்கள் பெரும்பாலும் கரையை ஒட்டியே வலை வீசுகிறார்கள்.

எஞ்சியவை இரண்டு: அரசு வேலை, சுற்றுலா. தீவுகளின் மிகப் பெரிய முதலாளி அரசுதான். சட்டமன்றம் கிடையாது, துணைநிலை ஆளுநர் ஆட்சி, ஒரே ஒரு எம்.பி. 2001-ல் முப்படைகளுக்கும் பொதுவான தளபதியின் கீழ் ராணுவக் கட்டளையகம் வந்தது. 2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்தபின் இன்டர்நெட் வேகம் கூடியது. ஹேவ்லாக் தீவுக்கு 2018-ல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறியது. ராதாநகர் கடற்கரையின் வெள்ளை மணலும் பவளப் பாறைகளும் பயணிகளை இழுக்கின்றன.

வருபவர்களுக்குக் குடிநீர் வேண்டும் என்பதுதான் சிக்கல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் இது. சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் தேக்கிவைக்கப் பெரிய ஆறு இல்லை. தலைநகர் முக்கியமாக நம்பியிருப்பது தனிக்காரி அணையை. அது வற்றும் கோடையில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. மழை கொட்டும் தீவில் குடத்தோடு காத்திருக்கிறார்கள் மக்கள்.

காட்டை அறுத்த சாலை

வந்தேறிகளின் கணக்கு இது. ஏற்கெனவே இருந்தவர்களின் கணக்கு வேறு. 1858-ல் சில ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர்கள், நோய்களாலும் மோதல்களாலும் தேய்ந்து 1961-ல் 19 பேரானார்கள். 2011-ல் 44 பேர். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான போ மொழி பேசிய கடைசிப் பெண்மணி போவா சீனியர் 2010-ல் இறந்தபோது அந்த மொழியும் போனது. ஓங்கேக்கள் 101 பேர். வடக்கு சென்டினல் தீவில் வாழ்பவர்களை யாரும் நெருங்கி எண்ண முடியவில்லை. 2018-ல் அங்கே இறங்கிய அமெரிக்கப் பாதிரி ஒருவர் கொல்லப்பட்டார்.

ஜாரவாக்களின் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது அந்தமான் ட்ரங்க் ரோடு. தலைநகரையும் வடக்கேயுள்ள குடியேற்றங்களையும் தரைவழியே இணைப்பது இதுதான். வில்லும் அம்புமாக வெளியாரை விரட்டிக்கொண்டிருந்த ஜாரவாக்கள் 1997-98-ல் தாங்களாகவே காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே தட்டம்மை அவர்களைத் தாக்கியது. 2002-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சாலையின் ஜாரவா பகுதியை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. தின்பண்டத்துக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ 2012 ஜனவரியில் வெளியாகி உலகமே முகம் சுளித்தது. வாகனங்கள் குறித்த நேரத்தில் போலீஸ் துணையுடன் வரிசையாகத்தான் போக வேண்டும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. ஆனால் வடக்கில் இருப்பவர்களின் நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக் கப்பலுக்குக் காத்திருக்க முடியுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். மருத்துவமனை வடக்கே போயிருந்தால் அந்தக் கேள்வி பாதி குறைந்திருக்கும்.

தெற்கே ஒரு பந்தயம்

பழங்குடியினரில் எண்ணிக்கையில் பெரியவர்கள் நிக்கோபாரிகள், 27,000-க்கும் மேல். தென்னையும் பன்றியும் தாழை இனத்துப் பழமும் அவர்கள் வாழ்வின் ஆதாரம். நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. 'துஹெத்' எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் வந்தபோது கரையோரக் கிராமங்களோடு இந்த ஏற்பாடும் நொறுங்கியது. இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் கடலில் அமிழ்ந்தது. கிரேட் நிக்கோபாரில் தப்பியவர்களை அரசு கேம்ப்பெல் பே அருகே குடியமர்த்தியது. கடல் அடங்கியதும் சொந்த ஊருக்குப் போகலாம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

இப்போது அதே கிரேட் நிக்கோபாரில் சுமார் 72,000 கோடி ரூபாய்த் திட்டம் வருகிறது. கலத்தியா விரிகுடாவில் பெரிய சரக்குக் கப்பல்கள் கன்டெய்னர் மாற்றிக்கொள்ளும் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம். அரசின் வாதம் லேசானது அல்ல. மலாக்கா ஜலசந்திக்குப் போகும் உலகக் கப்பல் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியச் சரக்குகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறும் செலவு மிச்சம். சீனாவின் கண்முன்னே இந்தியாவின் காவல். கப்பலை எதிர்பார்த்தே வாழ்ந்த தீவுகளுக்கு உலகக் கப்பல்களே தேடி வரும் என்பது கேட்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் 166 சதுர கி.மீ. நிலம் வேண்டும், அதில் 130 சதுர கி.மீ. காடு. வெட்டப்படும் மரங்களுக்கு அரசே தந்த மதிப்பீடு 9.64 லட்சம். ராட்சதத் தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வரும் கலத்தியா கடற்கரையின் சரணாலய அந்தஸ்து 2021-ல் நீக்கப்பட்டது. காட்டுக்குள் வாழும் ஷோம்பென்கள் 2011 கணக்கில் 229 பேர். தீவின் மொத்த மக்கள்தொகையே அப்போது எட்டாயிரம்தான். திட்டம் முழுமையடையும்போது மூன்றரை லட்சம் ஆகும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. முதலில் சம்மதம் தெரிவித்த பழங்குடிக் கவுன்சில், தங்கள் பூர்வீகக் கிராமங்களும் திட்டப் பரப்புக்குள் வருவது தெரிந்ததும் 2022 நவம்பரில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது.

தீவுகளுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அரசு வேலையை மட்டுமே எதிர்பார்த்து இளைஞர்கள் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் இதுவரை வந்த ஒவ்வொரு பிழைப்பும் - கைதிக் குடியிருப்பு, மரம், வயல், சாலை - மெயின்லேண்டில் போட்ட திட்டம். விலை கொடுத்தது தீவில் ஏற்கெனவே இருந்தவர்கள். இந்த முறை விலை என்ன என்பதை முன்கூட்டியே எழுத்தில் பார்க்க முடிகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். கிரேட் நிக்கோபாரில் வெட்டப்படும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நட ஒதுக்கப்பட்ட இடம் ஹரியானாவில் இருக்கிறது. கேம்ப்பெல் பே அருகே குடியமர்த்தப்பட்டவர்கள் கேட்கும் இடமோ அந்தத் தீவிலேயே, அவர்களுடைய பழைய ஊர்களிலேயே இருக்கிறது.